கிராமத்தில் குடியிருக்கப் பழகுதல்: வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் ஓய்வுத் தம்பதிக்கு ஒரு வழிகாட்டி

மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள என் கணவரின் ஊரில் நாங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து, தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்டார்கள்: “எப்ப வந்தீங்க? எப்பக் கிளம்புறீங்க?” நியூ ஜெர்சியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து, இருவரும் ஓய்வுபெற்று, வீட்டை விற்றுவிட்டு வந்திருக்கிறோம் என்று சொன்னாலும், “கிளம்பலைங்க, இனிமே இங்கதான்” என்ற பதிலை ஏறக்குறைய ஓராண்டு யாரும் நம்பவில்லை. அந்த இரண்டாவது கேள்வி நிற்கும் வரை ஊர்க் கணக்கில் நீங்கள் விருந்தாளிதான். விருந்தாளிக்கு நல்ல நாற்காலி கிடைக்கும். ஆனால் தண்ணீர் எந்த நேரத்துக்கு வரும், எந்த எலெக்ட்ரீஷியன் சொன்ன நாளில் வருவார் என்பன போன்ற செய்திகளை அவரிடம் யாரும் சொல்வதில்லை. அமெரிக்கக் குடியுரிமையும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையும் வைத்துக்கொண்டு காவிரிப் பாசனப் பகுதியின் ஒரு கிராமத்தில் குடியேற நினைக்கும் தம்பதியரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மற்ற நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு வரி, காப்பீடு, தூதரகம் போன்ற அமெரிக்கா சார்ந்த செய்திகள் மட்டும் வேறுபடும்.

வந்து பார்க்க வேண்டிய மாதம்

பெரும்பாலானோர் மார்கழியிலோ தையிலோ மூன்று வாரம் வந்து தங்கி, பனியையும் கோலத்தையும் அறுவடை வயலையும் பார்த்துவிட்டு, அந்த மயக்கத்திலேயே முடிவெடுத்துவிடுகிறார்கள். முடிவெடுப்பதற்கு முன் கத்திரி வெயில் காயும் மே மாதத்தில் இரண்டு வாரமும், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதமும் அந்த வீட்டிலேயே, சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளாமல், வாடகைக் கார் நிறுத்தி வைக்காமல் தங்கிப் பாருங்கள். மழை மாதத்தில் துணி நான்கு நாளானாலும் காய்வதில்லை. விளக்கைப் போட்டால் ஈசல் கொட்டுகிறது. வயலில் நீர் நிற்பதால் பாம்புகள் மேட்டைத் தேடி வீட்டுப் பக்கம் வருகின்றன. இவை அனைத்தையும் பார்த்த பிறகும் உங்கள் இருவரில் ஒருவர் மட்டுமே இங்கே இருக்க விரும்பினால், அந்த ஒருவரின் விருப்பத்துக்காக மற்றவர் வரக் கூடாது என்பது என் திடமான கருத்து. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

காகிதங்கள்

ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் தங்கலாம். காவல் துறையிலோ வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ பதிந்துகொள்ள வேண்டியதில்லை. 50 வயது முடிந்த பின் புதிய கடவுச்சீட்டு வாங்கும்போது, மூன்று மாதத்துக்குள் அதன் நகலையும் புகைப்படத்தையும் ஒருமுறை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வாக்குரிமை கிடையாது, ரேஷன் அட்டையும் கிடையாது. கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள் என்பதால் அங்கே கையெழுத்திட்டுத் தீர்மானம் போடும் உரிமையும் உங்களுக்கு இல்லை. கடந்த 12 மாதங்களில் 182 நாட்கள் இங்கே தங்கியிருந்தால் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். அது கையில் வந்த பிறகுதான் எரிவாயு இணைப்பு, சிம் அட்டை போன்ற சில்லறை வேலைகளில் அலைச்சல் குறையும்.

நிலம் பற்றிய விதியைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு வருகிறார்கள். ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் வீடும் மனையும் வாங்கலாம். வேளாண் நிலம், தோட்ட நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது. தகப்பனார் வழியில் மரபுரிமையாக வந்த வயலை வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆகவே, “பக்கத்து வயல் விலைக்கு வருது, உங்க பேருலயே முடிச்சிடலாம்” என்று யாராவது ஆசை காட்டினால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்; உறவினர் பெயரில் வாங்கிவைப்பது அதைவிடப் பெரிய வம்பு.

பரம்பரை வீடு என்றாலும் பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு ஆகிய நான்கும் யார் பெயரில் இருக்கின்றன என்று தனித்தனியாகப் பாருங்கள். எங்கள் வீட்டில் வரி ரசீது மாமனார் பெயரிலும், மின் இணைப்பு அவருடைய அப்பா பெயரிலும் இருந்தன. பட்டாவோ கோயில் பெயரில் இருந்தது. இந்தப் பகுதியில் இது அதிசயம் அல்ல. பல தெருக்களில் கட்டடம்தான் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ உரியது. அடிமனை வாடகை நிலுவையில் இருந்தால் அதைக் கட்டித் தீர்த்து, இடிப்பதற்கும் கட்டுவதற்கும் உரிய அனுமதியைப் பெற்ற பிறகே கொத்தனாரைக் கூப்பிடுங்கள். நாங்கள் குளியலறைக்கு அடித்தளம் தோண்டிய பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டோம், அந்தப் பள்ளம் ஐந்து மாதம் அப்படியே கிடந்தது.

வங்கியிலும் வரியிலும் மூன்று செய்திகள் முக்கியமானவை. நிரந்தரமாகத் தங்க வந்துவிட்டால், வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்தில் வைக்க விரும்பினால் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். நீண்ட காலம் வெளியே இருந்து திரும்புபவருக்குப் பொதுவாக முதல் இரண்டு அல்லது மூன்று நிதியாண்டுகள், ‘சாதாரணமாக வசிக்காத குடியிருப்பாளர்’ என்ற நிலை கிடைக்கும். அக்காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. மூன்றாவது, அமெரிக்கக் குடியுரிமை இருக்கும் வரை உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் அந்நாட்டு வரிப் படிவம் உங்களைத் தொடரும். இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் அதையும் அந்நாட்டு அரசுக்குத் தனியே தெரிவிக்க வேண்டும். இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவருக்கு ஆண்டுக்கொரு முறை கூலி கொடுப்பதை வீண் செலவாக நினைக்காதீர்கள்.

சிறிய விஷயம்தான், ஆனால் எங்களைப் பெரிதும் அலைக்கழித்தது: பழைய அமெரிக்கக் கைபேசி எண். வங்கிகளின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும், சில வங்கிகள் இந்திய எண்ணை ஏற்பதே இல்லை. அந்த எண்ணை மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி உயிரோடு வைத்திருங்கள். கிளம்புவதற்கு முந்தைய விடுமுறையில் வரும்போதே, அந்தக் குறுஞ்செய்தி உங்கள் கிராமத்து வீட்டுக்குள் வந்து சேர்கிறதா என்று சோதித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படியின் ஆறாவது படியில் நின்றால்தான் வருகிறது.

வீடு

பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்ட வேண்டும் என்று ஊரே சொல்லும். அவசரப்படாதீர்கள்; முற்றமும் திண்ணையும் உள்ள வீடு மே மாதத்தில் எவ்வளவு குளிர்ச்சி என்பதை ஒரு கோடை அனுபவித்த பிறகு முடிவு செய்யலாம். முதல் செலவை ஓட்டுக்கும் சுவருக்கும் செய்யாமல் குளியலறைக்குச் செய்யுங்கள். படுக்கையறையை ஒட்டிய கழிவறை, மேலை நாட்டு இருக்கை, சுவரில் உறுதியான கைப்பிடி, வழுக்காத தரை, நிலைப்படி இல்லாத வாசல் ஆகியவை இருந்தால் எழுபதைக் கடந்தும் இந்த வீட்டில் காலம் தள்ளலாம். கொல்லைக்கோடியில் கழிவறை இருக்கும் வீட்டில் இரவில் எழுந்து போக வேண்டியிருக்கும், ஆபத்தே அந்த நடையில்தான் இருக்கிறது.

மின்சாரம் முன்பைவிட மிகவும் மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை ஒரு நாள் நிறுத்துவார்கள், மழையில் கம்பி அறுந்தால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இரண்டு மின்விசிறி, நான்கு விளக்கு, இணைய மோடம், குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்குப் போதுமான இன்வெர்ட்டர் போட்டுக்கொண்டு, அதன் பேட்டரிக்குச் சுத்திகரித்த நீர் ஊற்றும் நாளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. தொடக்க யூனிட்டுகள் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளுக்கும் சேர்த்து விகிதம் ஏறிவிடும். ஆகையால் குளிரூட்டியை எல்லா அறைகளிலும் மாட்டாமல், உறங்கும் அறையில் மட்டும் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

பாம்பு பற்றி அமெரிக்காவிலேயே வளர்ந்த பிள்ளைகள் கேட்டால், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று சிரித்து மழுப்பாமல் உண்மையைச் சொல்லுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் தமிழ்நாட்டில் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவை. இவற்றில் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது, தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது. கடித்த இடம் பெரிதாக வலிக்காமலே போகலாம், பிறகு வயிற்று வலியும் இமை சரிவதும் தொடங்கும். எங்கள் வீட்டில் முதல் கார்த்திகையில், குளியலறைக் கழிவுநீர்த் துளையின் வழியாகக் கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளோடு ஒன்று பாதி நுழைந்து நின்றது. நான் பல் துலக்கும் தூரிகையோடு நின்ற இடத்திலேயே நின்றேன். அது என்னைப் பொருட்படுத்தாமல் வாளியைச் சுற்றிக்கொண்டு வந்த வழியே போனது. மறுநாள் எல்லாத் துளைகளுக்கும் இரும்பு வலை போட்டோம். கட்டிலில் கொசுவலை கட்டி ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகுவது, விறகையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்காதிருப்பது, இருட்டினால் கையில் டார்ச் இல்லாமல் வாசல் இறங்காதிருப்பது ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. கடிபட்ட கை கால்களை அசைக்காமல், மந்திரிப்பவரிடம் போகாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும்.

ஒரு நாள் நடக்கும் விதம்

ஊரின் நாள் ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. டீக்கடையில் பாட்டுப் போடுவார்கள். ஆறு மணிக்குப் பால்காரர் மணியடிப்பார். ஆறரைக்கு மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிட்டால் தெருக் குழாயில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் குடிநீரைப் பிடித்து மூடி வைக்கவில்லை என்றால் அன்றைய பாடு திண்டாட்டம். காய்கறி, ஒலிபெருக்கி கட்டிய சிறு வண்டியில் ஏழரைக்கு வரும். மீன் அதற்குப் பின்னால் இருசக்கர வண்டியில் வரும். நியூ ஜெர்சியில் எட்டு மணிக்கு எழுந்து பழகியவர்கள் இந்த எல்லாவற்றையும் தவறவிட்டுவிட்டு, “இங்க ஒண்ணுமே கிடைக்கல” என்று மன்னார்குடிக்குக் கார் எடுத்துப் போவார்கள். எழும் நேரத்தை மாற்றிக்கொண்டால் அந்தக் குறைகளில் பாதி தீர்ந்துவிடும். வேலைகள் எல்லாவற்றையும் பத்தரைக்குள் முடித்து, நான்கு மணி வரை வெளியே கால் வைக்காமல் இருங்கள். இந்த வெயிலில் நடுப்பகல் உறக்கம் சோம்பலில் சேராது.

பேரப்பிள்ளைகளோடு பேசும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் நவம்பர் வரை அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வேறுபாடு, மற்ற மாதங்களில் பத்தரை. சனிக்கிழமை காலை ஆறரைக்கு நாங்கள் கூப்பிட்டால் அவர்களுக்கு வெள்ளி இரவு ஒன்பது, குளிர்காலத்தில் எட்டு. மறுநாள் பள்ளி இல்லை என்பதால் அவசரமில்லாமல் பேசுவார்கள். நான் மேலே சொன்ன தண்ணீர் நேரமும் அதுவேதான். எனவே என் பேரனுக்கு இந்த ஊர் என்றாலே குடத்தில் தண்ணீர் விழும் ஓசை.

இனி, முன்பு தள்ளிவைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஊர் திரும்பும் தம்பதியில் ஒருவர்தான் உண்மையில் திரும்புகிறார். மற்றவர் புதிதாகக் குடியேறுகிறார். என் கணவருக்கு இங்கே பள்ளித் தோழர்கள் இருக்கிறார்கள், குளம் இருக்கிறது, டீக்கடை பெஞ்சு இருக்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்த எனக்கு இங்கே இருந்ததெல்லாம் ‘மேலத் தெரு வீட்டு மருமகள்’ என்ற பெயர் மட்டும்தான். மாலையில் நான் தனியாக வாய்க்கால் கரையில் நடந்தால், “என்னங்க, ஏதும் பிரச்சினையா?” என்று நல்லெண்ணத்தோடு இரண்டு பேர் கேட்பார்கள். முதல் ஆறு மாதம் நான் பேசிய மனிதர்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டுமே. அந்தக் கசப்பு எங்கள் சாப்பாட்டு மேசை வரை வந்தது.

அதிலிருந்து வெளியே வர எனக்கு உதவியது நகரப் பேருந்து. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டு இலவசம். எந்த அட்டையும் காட்ட வேண்டியதில்லை. செவ்வாய்தோறும் காலைப் பேருந்தில் ஏறி மன்னார்குடிக்குப் போய், நூலகம், மருந்துக்கடை, காய்கறிச் சந்தை என்று சுற்றிவிட்டு ஒரு மணிப் பேருந்தில் திரும்புகிறேன். வண்டி இருக்கும்போது பேருந்து எதற்கு என்று கணவர் கேட்டார். ஆனால் இந்த ஊரின் பெண்கள் யார் யார், யாருக்கு மூட்டு வலி, யார் மகள் செவிலியர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் அந்த 40 நிமிடப் பயணத்தில்தான் எனக்குத் தெரிய வந்தன. வெளியூரில் பிறந்த துணைவருக்கென்று வாரத்தில் ஒரு நாள், வீட்டைச் சாராத ஒரு வழக்கத்தை முதல் மாதத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்; அவர் கணவராக இருந்தாலும் இதுவேதான்.

மனிதர்கள், கூலி, மொய்

நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், கெட்டதுக்கு அழைக்காமலே போக வேண்டும் என்று கிராமத்தில் சொல்வார்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மன்னித்துவிடுவார்கள். துக்க வீட்டுக்குப் போகாததை இரண்டு தலைமுறைக்கு நினைவில் வைத்திருப்பார்கள். போய், பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து வந்தால் போதும்.

மொய் எழுதுவதில் நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். எதிர் வீட்டுக் குழந்தையின் காதணி விழாவில், டாலரில் கணக்குப் போடும் பழக்கத்தில், 5,001 ரூபாய் எழுதினேன். நோட்டில் எழுதியவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த ஆண்டு எங்கள் வீட்டில் கணவரின் எழுபதாம் வயதுச் சாந்தி நடந்தபோது, அந்த வீட்டுக்காரர் அதே தொகையைத் திருப்பி எழுதுவதற்காகத் தம் மனைவியின் தோட்டை அடகு வைத்திருந்தார் என்பதைப் பேருந்தில் கேள்விப்பட்டேன். மொய் திரும்பி வர வேண்டிய பணம்; அதனால் உங்களைப் போன்ற நிலையில் உள்ள உறவினர் என்ன எழுதுகிறார் என்று விசாரித்து அதையே எழுதுங்கள், எழுதியதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூடுதலாக உதவ விரும்பினால் பள்ளிக் கட்டணமாகவோ மருந்துச் செலவாகவோ, நோட்டில் ஏறாத வழியில் கொடுங்கள். கைமாற்றுக் கேட்பவர்களுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும்: திரும்ப வராவிட்டாலும் உறவு கெடாத அளவு எவ்வளவு என்று கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டு, அதற்கு மேல் யார் கேட்டாலும் இருவரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள்.

வீட்டு வேலைக்கு வருபவர், நாற்று நடும் நாட்களிலும் களை எடுக்கும் நாட்களிலும் வயலுக்குப் போய்விடுவார். ‘நூறு நாள் வேலை’ என்று ஊரில் சொல்லும் அரசு வேலைத் திட்டம் நடக்கும் வாரங்களிலும் வர மாட்டார். அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாமல், அந்த நாட்களில் நாமே பாத்திரம் தேய்த்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊர் எத்தனை மாறியிருந்தாலும் தெருக்கள் இன்னமும் சாதிப்படியேதான் பிரிந்திருக்கின்றன. பட்டியல் சாதியினரின் குடியிருப்பைக் குறிக்கும் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. பேச்சிலிருந்து அது இன்னும் போகவில்லை. எங்களுக்குத் தேங்காய் பறிக்க வரும் 60 வயதுக்காரரை எங்கள் தெருச் சிறுவன் ஒருவன் ஒருமையில் கூப்பிட்டான். நாங்கள் அவரை ‘அண்ணே, வாங்க’ என்றே அழைக்கிறோம், மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே டம்ளரில் காப்பி கொடுக்கிறோம், கூடத்திலேயே உட்காரச் சொல்கிறோம். தொடக்கத்தில் இதற்குச் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களிடம் வாதாடவில்லை, பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. இதை முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும், நடுவில் தொடங்குவது கடினம்.

பரம்பரை வயல் இருந்தால் நீங்களே பயிரிடும் ஆசையை முதல் ஆண்டுக்காவது அடக்கிக்கொள்ளுங்கள். ஜூன் 12 என்ற வழக்கமான நாளில் மேட்டூர் அணை திறந்தால் முதலில் குறுகிய காலக் குறுவை நெல், தள்ளிப்போனால் நீண்ட காலச் சம்பா நெல் மட்டும் என்று இங்கே எல்லாமே ஆற்றுநீரைப் பொறுத்தது. நிலத்தின் அளவை மா கணக்கில்தான் பேசுவார்கள். மூன்று மா ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. குத்தகை உழவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால் பேசியதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதியில் நெல் காயும். அதன் மேல் காரை ஏற்றுபவர் வெளியூர்க்காரர் என்று பார்த்தவுடனேயே தெரிந்துகொள்வார்கள்.

உடம்பு

முதியோருக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு இங்கே ஒரு ரூபாய்கூடத் தராது. ஆனால் எப்போதாவது திரும்பிப் போகும் எண்ணம் இருந்தால் மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான அதன் ‘பி’ பகுதியைக் கைவிடுவதற்கு முன் யோசியுங்கள், பிறகு சேர்ந்தால் விடுபட்ட ஒவ்வொரு 12 மாதத்துக்கும் சந்தா 10 சதவீதம் கூடும். இங்கே ஒரு காப்பீடு எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் ஒரு தொகையை மருத்துவத்துக்கென்றே தனியே வைத்திருங்கள்.

அன்றாட மருத்துவத்துக்கு கிராமம் மோசமில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார். அவர் வரும்போது கதவைத் திறந்து உட்காரச் சொல்லுங்கள், தெருவில் யாருக்கு என்ன உடம்பு என்று முதலில் அறிபவர் அவர்தான். அமெரிக்க மருந்துகளின் வணிகப் பெயர்கள் இங்கே செல்லாது என்பதால் வேதிப் பெயரையும் அளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பணப்பையில் ஒன்றும் சமையலறைச் சுவரில் ஒன்றுமாக வையுங்கள். நெஞ்சு வலி, பக்கவாதம் போன்றவற்றுக்குத்தான் தொலைவு பகையாகிறது. 108 வண்டி உங்கள் தெருவுக்குள் திரும்ப முடியுமா, எந்த மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம் என்பதையெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் நேரில் ஓட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கும் இரவில் ஒருமுறை, பகலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பகலில்தான் அதிக நேரம் பிடித்தது, காரணம் ரயில்வே கேட்.

புயல் மாதங்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது நாங்கள் இங்கே இல்லை. ஆனால் ஊரில் காலத்தைக் ‘கஜாவுக்கு முன்னே, கஜாவுக்குப் பின்னே’ என்றுதான் எண்ணுகிறார்கள். தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன; பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது தெருவுக்குத் தண்ணீர் தந்தது எங்கள் கொல்லையில் இருந்த பழைய கைப்பம்பு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால், அழகுக்காக அதைப் பிடுங்க நினைத்திருந்த நாங்கள் வாஷர் மாற்றி, வண்ணம் அடித்து வைத்திருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் வீட்டின் மேல் சாயக்கூடிய கிளைகளை வெட்டுங்கள். ஒரு மாதத்துக்கு மருந்து, ஒரு வாரத்துக்கு அரிசியும் பருப்பும், சிறு எரிவாயு அடுப்பு, சில்லறை நோட்டாக 10,000 ரூபாய் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் போய்விட்டால் கைபேசிப் பணப் பரிமாற்றம் நடக்காது.

பிள்ளைகள் வந்து சேரும் வரை

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. என் கணவரும் ஒருநாள் எழுந்து போய்விட்டார். ஆனால் இருவரில் ஒருவர் இறந்தால் நியூ ஜெர்சியிலிருந்து மகள் வந்து சேரக் குறைந்தது இரண்டு நாள் ஆகும். குளிர்பெட்டி வாடகைக்குத் தருபவரின் எண், அதற்கு இன்வெர்ட்டர் போதாது என்பதால் ஜெனரேட்டர்காரரின் எண், ஊர் வழக்கப்படி சடங்குகளைக் கவனிக்கப்போகும் பங்காளியின் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். அமெரிக்கக் குடிமகன் என்பதால் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்துக்கும் தெரிவித்து அவர்களுடைய சான்றையும் பெற வேண்டும், அங்குள்ள ஓய்வூதியத்தையும் வங்கியையும் முடிக்க அதுவே பயன்படும். இரு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனியே உயில் எழுதி, இங்குள்ளதைப் பதிவு செய்துவிட்டால் பிள்ளைகளின் அலைச்சல் குறையும்.

எங்கள் பட்டியல் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. வீட்டுச் சாவியின் ஒரு படி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. சாவியைக் கொடுக்கப் போன அன்று அவர் வழக்கம்போல, “எப்பக் கிளம்புறீங்க?” என்றார். எதற்காகக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். வாங்கி, சாமி மாடத்தில் அவருடைய வீட்டுச் சாவிகளோடு சேர்த்து மாட்டிவிட்டு, “தண்ணி வந்துடுச்சு, குடம் வச்சிட்டு வந்தீங்களா?” என்று கேட்டார்.